தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளும் போனும்: பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கல்குளம் வட்டத்தில் ஒரு தொடக்கப் பள்ளியில் வகுப்பு எடுக்கிறேன். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம் முடிந்த பிறகும், சாயங்காலம் பிள்ளையைக் கூப்பிட வந்து பள்ளி வாசல் பக்கத்தில் நிற்கும்போதும், சில நேரம் தக்கலை பஸ் ஸ்டாண்டில் வைத்தும் பெற்றோர் என்னிடம் கேட்பது திரும்பத் திரும்ப இதே கேள்விகளைத்தான். எல்லோருக்கும் உதவட்டும் என்று ஒரே இடத்தில் எழுதிவிட்டேன். 1 முதல் 5ஆம் வகுப்பு வரையான பிள்ளைகளை மனதில் வைத்து எழுதியது. கேள்விகளை அவரவர் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போனைப் பூட்டி ஒளித்து வைத்தாலும் பிள்ளை எங்கேயாவது பார்க்கத்தான் போகிறான், கையில் கொடுத்துவிட்டு நம் வேலையைப் பார்த்தாலும் சரிவராது. குளத்தில் நீச்சல் பழக்கும்போது நாமும் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நிற்கிறோம் அல்லவா, அப்படிக் கூடவே நின்று பழக்க வேண்டிய விஷயம் இது.

1. எத்தனை வயசுல போன் கையில குடுக்கலாம் டீச்சரே?

2 வயது வரைக்கும் திரையே வேண்டாம் என்பது இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கத்தின் அறிவுரை. அதற்கு ஒரு விலக்கு உண்டு: வெளியூரில் இருக்கிற சொந்தக்காரர்களோடு எப்போதாவது வீடியோ காலில் பேசுவது. அப்பா துபாயிலோ கத்தாரிலோ இருக்கிற வீடுகள் நம் மாவட்டத்தில் எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும், அந்த அழைப்பைப் பற்றி யாரும் மனம் சங்கடப்பட வேண்டாம். 2 முதல் 5 வயது வரை ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், அதுவும் பக்கத்தில் ஒரு பெரியவர் இருக்க.

பள்ளிக்கூடத்தில் சேர்ந்த பிறகு கொடுக்கலாம். ஆனால் "அவனுக்கு" என்று தனிப் போன் 5ஆம் வகுப்பு வரை தேவையே இல்லை. வீட்டுப் போன், கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டியது, பார்த்ததும் திருப்பிக் கொடுக்க வேண்டியது என்ற அளவில் இருக்கட்டும்.

2. ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம்? டிவி பாக்குறதும் அதுல சேருமா?

சேரும். டிவி, போன், டேப் எல்லாம் சேர்த்து 5 முதல் 10 வயதுப் பிள்ளைகளுக்கு 2 மணி நேரத்துக்குக் குறைவாக இருக்க வேண்டும், எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது என்பதுதான் அதே மருத்துவர்களின் கணக்கு. பள்ளிக்கூட நாளில் அரை மணி, முக்கால் மணி நேரமே தாராளம் என்பேன். இந்த வயதுப் பிள்ளைக்கு இரவில் 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும், வெளியே ஓடி ஆட வேண்டும், வீட்டுப்பாடம் இருக்கிறது, அப்புறம் சும்மா இருக்கவும் கொஞ்ச நேரம் வேண்டாமா? இதெல்லாம் போக மிஞ்சுவதுதான் திரைக்கு.

நிமிடக் கணக்கை விட எனக்கு முக்கியமாகப் படுவது எந்த நேரத்தில் என்பது. காலையில் எழுந்ததும் வேண்டாம், சாப்பிடும்போது வேண்டாம், தூங்கப் போவதற்கு முந்தைய ஒரு மணி நேரம் வேண்டவே வேண்டாம். இந்த மூன்றை மட்டும் ஒரு வீடு கண்டிப்பாகப் பிடித்துக்கொண்டால் மீதி தானாகவே குறைந்துவிடும்.

3. போன் வச்சாத்தான் எனக்க மோன் சோறு தின்னுவான். என்ன செய்ய?

இந்தக் கேள்வியை 1ஆம் வகுப்புப் பிள்ளையின் அம்மாக்கள் கேட்காத வருடமே கிடையாது. திரையைப் பார்த்துக்கொண்டே வாயைத் திறக்கிற பிள்ளைக்கு வயிறு நிறைந்ததும் தெரியாது, என்ன தின்றோம் என்றும் தெரியாது.

மூன்று வேளையையும் ஒரே நாளில் மாற்றப் பார்க்காதீர்கள். வீட்டில் எல்லோரும் ஒன்றாக உட்காருகிற ஒரு வேளையை எடுங்கள், பெரும்பாலும் ராத்திரிச் சாப்பாடு. அந்த நேரத்தில் யாருடைய போனும் அந்த அறையில் இருக்கக் கூடாது, அப்பாவுடையதும்தான். கிழங்கும் மீன்கறியும் என்றால் அவனே பிய்த்து, அவனே குழம்பில் தொட்டுத் தின்னட்டும், ஊட்ட வேண்டாம். முதல் சில நாள் பாதி தின்றுவிட்டு எழுந்து போவான். போகட்டும், தட்டைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓட வேண்டாம், அடுத்த வேளை பசிக்கும். அந்த ஒரு வேளை பழகிய பிறகு அடுத்ததற்குப் போங்கள். பிள்ளை எடை குறைந்தாலோ சாப்பாட்டையே வெறுத்தாலோ டாக்டரிடம் காட்டுங்கள், அது வேறு விஷயமாக இருக்கலாம்.

4. திரும்பக் கேட்டா அழுது பெரளுகா. அடிச்சுத்தான் வாங்க வேண்டியிருக்கு.

அடித்து வாங்குகிற வீட்டில் நாளைக்கும் அடித்துத்தான் வாங்க வேண்டியிருக்கும். பிள்ளை ஒரு வீடியோவின் நடுவில் இருக்கும்போது பின்னாலிருந்து வந்து வெடுக்கென்று பிடுங்கினால் யாருக்கும் கோபம் வரும், நமக்கும் வரும். கொடுக்கும்போதே முடிவைச் சொல்லிக் கொடுங்கள்: "ரெண்டு வீடியோ, அப்புறம் அம்மா கையில தரணும்." இரண்டாவது ஓடும்போது பக்கத்தில் போய் உட்காருங்கள், என்ன பார்க்கிறாய் என்று கேளுங்கள், முடிந்ததும் கையை நீட்டுங்கள். "10 நிமிஷம்" என்று சொன்னால் 2ஆம் வகுப்புப் பிள்ளைக்கு அது எவ்வளவு என்று புரியாது, "ரெண்டு வீடியோ" புரியும். யூடியூபில் அடுத்த வீடியோ தானாக ஓடுகிற ஆட்டோபிளேயை அணைத்து வையுங்கள், அது ஓடிக்கொண்டிருந்தால் முடிவே வராது.

அதையும் மீறி அழுவாள். அழட்டும். அழுததற்காகத் திருப்பிக் கொடுத்துவிட்டால் அழுகைக்கு விலை உண்டு என்று அன்றைக்கே கற்றுக்கொள்வாள். போனை வாங்கிய கையோடு செய்ய அடுத்த வேலை ஒன்று தயாராக இருந்தால் பாதிச் சண்டை குறையும்: குளிக்க, பூச்செடிக்குத் தண்ணீர் விட, பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு ஆட.

5. நாங்க ரெண்டு பேரும் விடியுமுன்ன ரப்பர் வெட்டப் போயிருவோம். வீட்ல அம்மச்சிதான். அவங்ககிட்ட போனு கேட்டா உடனே குடுத்துருவாங்க.

குலசேகரம், திருவட்டாறு பக்கமிருந்து வரும் பெற்றோர் இதைச் சொல்லும்போது அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. பால் வடிவது விடியற்காலையில்தான், அந்த நேரத்தை மாற்ற முடியாது. கடலுக்குப் போகிற வீடுகளிலும் இதே கதைதான். 70 வயது அம்மச்சியை, அதாவது பாட்டியை, விதிமுறை சொல்லிக் காவல் நிற்கச் சொல்வதும் நியாயமில்லை. அவருக்கு வேலையைச் சுலபமாக்கிக் கொடுங்கள்: காலையில் வீட்டில் இருப்பது பட்டன் போன் மட்டும் என்றால் கேட்கவும் ஆளில்லை, கொடுக்கவும் ஆளில்லை. அவசரத்துக்கு அழைக்க அது போதும்.

ஏதாவது காட்டித்தான் ஆக வேண்டும் என்றால் போனை விட டிவி நல்லது. என்ன ஓடுகிறது என்று அடுக்களையில் இருக்கிற அம்மச்சிக்கும் காதில் விழும். 2019இல் தமிழக அரசு தொடங்கிய கல்வித் தொலைக்காட்சியில் பாட நிகழ்ச்சிகள் வருகின்றன, அதையும் போட்டுவிடலாம்.

6. போன்ல என்னென்ன செட்டிங் போடணும்?

வீட்டுக்கு ஒரே போன், அது பெரியவர்களுடையது என்றால் மூன்று வேலை செய்யுங்கள். முதலாவது, சாதாரண யூடியூபுக்குப் பதிலாக யூடியூப் கிட்ஸ். அதில் 4 வயதுக்குள், 5 முதல் 8, 9 முதல் 12 என்று பிரிவுகள் உண்டு, தேடலை அணைக்கலாம், நேரம் முடிந்ததும் தானே பூட்டிக்கொள்ள வைக்கலாம், நீங்கள் தேர்ந்தெடுத்த வீடியோ மட்டும் வருகிற மாதிரியும் வைக்கலாம். கடைசியாகச் சொன்னதைத்தான் நான் எல்லோருக்கும் சொல்வேன், கொஞ்சம் மெனக்கெட வேண்டும் அவ்வளவுதான். இரண்டாவது, ஆப் பின்னிங். பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில் செட்டிங்ஸில் செக்யூரிட்டி பகுதியில் இருக்கும். அதைப் போட்டுவிட்டால் நீங்கள் திறந்து கொடுத்த ஆப்பை விட்டுப் பிள்ளை வெளியே போக முடியாது, வெளியே வர பின் நம்பர் கேட்கிற மாதிரி வைத்துவிடுங்கள். மூன்றாவது, பிளே ஸ்டோரில் எது வாங்கினாலும் ஒவ்வொரு முறையும் கடவுச்சொல் கேட்கும்படி வைப்பது.

பிள்ளைக்குத் தனி டேப் இருந்தால் கூகுளின் ஃபேமிலி லிங்க் போடுங்கள். பிள்ளை பெயரில் ஒரு கணக்கு, அதை உங்கள் போனிலிருந்து பார்க்கலாம்: எந்த ஆப் எவ்வளவு நேரம், எத்தனை மணிக்குப் பூட்ட வேண்டும், புது ஆப் கேட்டால் தரலாமா வேண்டாமா. பூட்டின் பேட்டர்னைப் பிள்ளை முன்னால் போடாதீர்கள். திரையில் விரல் போன தடத்தைப் பார்த்தே 3ஆம் வகுப்புப் பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுகிறார்கள், எங்கள் வகுப்பிலேயே இதைப் பெருமையாகச் சொல்வார்கள்.

7. புத்தகத்துல உள்ள கட்டத்த ஸ்கேன் பண்ணிப் பாருன்னு நீங்கதான் சொல்லுகிய, போன் குடுக்காதியன்னும் சொல்லுகிய?

நியாயமான கேள்வி. நம் பாடப் புத்தகங்களில் உள்ள க்யூஆர் கோடை திக்‌ஷா ஆப்பில் ஸ்கேன் செய்தால் அந்தப் பாடத்துக்கான வீடியோ வரும். ஸ்கேன் செய்வது பெரியவர் வேலை, பார்ப்பது சேர்ந்து, பார்த்து முடித்ததும் போனை வைத்துவிட்டு "என்ன பார்த்தாய், இரண்டு வரி எழுது" என்று நோட்டைக் கொடுங்கள். அந்த இரண்டு வரி இல்லாவிட்டால் பாட வீடியோவும் பொழுதுபோக்கு வீடியோவும் பிள்ளைக்கு ஒன்றுதான்.

நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க விரும்புவது போனைப் பார்ப்பதை அல்ல, அதை வைத்து ஏதாவது செய்வதை. வாசிக்கத் தடுமாறுகிற 3ஆம் வகுப்புப் பிள்ளையிடம் ஒரு பத்தியை வாசிக்கச் சொல்லி வாய்ஸ் ரெக்கார்டரில் பதிந்து, அவன் குரலையே அவனுக்குப் போட்டுக் காட்டுங்கள். முதலில் வெட்கப்பட்டுச் சிரிப்பான். அப்புறம் "டீச்சர், இந்த இடத்துல நிறுத்திட்டேன், இன்னொரு தடவ வாசிக்கட்டா?" என்று அவனே கேட்பான். திருத்துவதற்கு என் வாய் தேவைப்படுவதில்லை. பத்மநாபபுரம் அரண்மனைக்குக் கூட்டிப் போனால் மரச் சிற்பங்களில் பிடித்த ஐந்தை மட்டும் படம் எடுக்கச் சொல்லுங்கள், ஏன் அந்த ஐந்து என்று வீட்டில் வந்து கேளுங்கள். தோட்டத்தில் உள்ள இலைகளைப் படம் எடுத்து, பெயரை அம்மச்சியிடம் கேட்டு எழுதட்டும்.

8. கண்ணு கெட்டுப் போவுமா? நீலக் கண்ணாடி வாங்கிக் குடுக்கலாமா?

கிட்டத்தில் வைத்தே நெடுநேரம் பார்ப்பதும், வெளி வெளிச்சத்தில் விளையாடாமல் இருப்பதும் சேர்ந்தால் கிட்டப்பார்வை வர வாய்ப்பு கூடும். தினமும் வெயில் வெளிச்சத்தில் இரண்டு மணி நேரம் விளையாடினால் அந்த ஆபத்து குறையும். கிளித்தட்டு ஆடுகிற பிள்ளை கண்ணையும் காப்பாற்றிக்கொள்கிறது. நீல வெளிச்சத்தைத் தடுக்கும் கண்ணாடிக்குச் செலவு செய்ய வேண்டாம், கண் சோர்வு அதனால் குறைவதாக நல்ல ஆதாரம் இல்லை.

20 நிமிடத்துக்கு ஒரு முறை 20 அடி தள்ளி இருக்கிற ஒரு தென்னையையோ கூரையையோ 20 நொடி பார்க்கப் பழக்குங்கள். கண்ணைச் சுருக்கிப் பார்ப்பது, டிவிக்கு முட்டிக்கொண்டு உட்காருவது, கரும்பலகையைப் பார்த்து எழுதாமல் பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்து எழுதுவது, இதில் ஏதாவது இருந்தால் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ பக்கத்துக் கண் டாக்டரிடமோ காட்டிவிடுங்கள்.

9. அவங்க அப்பா லீவுல வரும்போ டேப் வாங்கிட்டு வந்துட்டாங்க. பிள்ள ஆசையா வச்சிருக்கான், நான் எப்படி வாங்கி வைக்க?

இரண்டு வருடம் பிள்ளையைப் பார்க்காத அப்பா ஆசையாக வாங்கி வந்ததை அம்மா பிடுங்கி வைத்தால் மூன்று பேருக்கும் வருத்தம். லீவு முடிந்து அவர் கிளம்புவதற்கு முன்பே மூவரும் உட்கார்ந்து பேசிவிடுங்கள், விதியைச் சொல்வது அப்பாவாக இருக்கட்டும்: டேப் வீட்டுக்கு உரியது, கூடத்தில் வைத்துத்தான் பார்க்க வேண்டும், ராத்திரி அம்மாவின் அலமாரியில் சார்ஜில் இருக்கும். ஃபேமிலி லிங்கை (6ஆம் கேள்வி) அப்பா போனிலும் போடலாம், அங்கே இருந்துகொண்டே அவரும் பார்த்துக்கொள்வார்.

அந்த டேப்பின் முதல் வேலை அப்பாவோடு பேசுவதாக இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும். "சாப்பிட்டியா, படிச்சியா" என்று மட்டும் கேட்டு வைத்துவிடாமல், பிள்ளை பாடத்தை வாசிக்க அவர் கேட்கலாம், வாய்ப்பாடு கேட்கலாம், வரைந்த படத்தைக் காட்டச் சொல்லலாம்.

10. நல்ல வீடியோதான் போட்டுக் குடுக்கேன். கொஞ்ச நேரம் கழிச்சுப் பாத்தா கண்டதெல்லாம் ஓடுகு.

முன்பு பார்த்ததை வைத்து அடுத்ததை யூடியூப் எடுத்துக் கொடுக்கிறது. உங்கள் போனில் ராத்திரி பெரியவர்கள் பார்த்த சண்டைக் காட்சியும் பேய் வீடியோவும் காலையில் பிள்ளை முன்னால் வந்து நிற்பது அதனால்தான். ஹிஸ்டரியை அழியுங்கள், யூடியூப் கிட்ஸுக்கு மாறுங்கள். ஷார்ட்ஸ் வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்கிறேன். முடிவில்லாமல் தள்ளிக்கொண்டே போகிற ஒன்றில் 7 வயதுப் பிள்ளை தானாக நிறுத்தும் என்று எதிர்பார்ப்பது சரியில்லை, பெரியவர்களுக்கே முடியவில்லை.

பிள்ளைக்கு ஒரு பழக்கம் மட்டும் சொல்லிக்கொடுங்கள்: பயமாக, அசிங்கமாக ஏதாவது வந்தால் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு வந்து சொல். வந்து சொன்னால் திட்ட மாட்டேன். இதைச் சொன்ன பிறகு நிஜமாகவே திட்டக் கூடாது.

11. கேம்ல டைமண்டு வாங்கி காசு போயிட்டு! திரும்பக் கிடைக்குமா?

பிளே ஸ்டோர் வழியாகப் போயிருந்தால் உடனே, 48 மணி நேரத்துக்குள், கூகுளிடம் ரீஃபண்ட் கேளுங்கள். பிள்ளை தெரியாமல் வாங்கியது என்று காரணம் சொல்லலாம், பல நேரம் கிடைக்கும், உறுதி கிடையாது. லிங்க் அனுப்பியோ ஓடிபி கேட்டோ யாராவது ஏமாற்றியிருந்தால் அது மோசடி, தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தை நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு.

காசு கட்டி ஆடிக் காசு ஜெயிக்கிற ஆன்லைன் விளையாட்டுகளை 2025ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்துவிட்டது. ஆனால் டைமண்டு, துப்பாக்கி, உடை என்று விளையாட்டுக்குள்ளே விற்பது அதில் வராது, அதனால் கவனம் நம்முடையதுதான். பெட்டிக்கடையில் க்யூஆர் ஸ்கேன் செய்யும்போது யுபிஐ பின்னைப் பிள்ளையைவிட்டு அடிக்க வைக்கிற பழக்கத்தை விடுங்கள். யுபிஐ பின் அடித்தால் காசு போகும், காசு வர பின் நம்பர் அடிக்க வேண்டியதே இல்லை. இதை 5ஆம் வகுப்புப் பிள்ளைக்குப் புரிகிற மாதிரிச் சொல்லிவிட்டால், வீட்டில் பெரியவர்களை அவனே தடுப்பான்.

12. கேம் ஆடும்போ யாரோ ஒருத்தன் பேர் கேக்கான், போட்டோ கேக்கான்னு பிள்ள சொல்லுகா. போலீசுக்குப் போகணுமா?

முதலில், அவள் வந்து சொன்னாளே, அதற்காக அவளைக் கட்டிக்கொள்ளுங்கள். "நீ ஏன் பேசினே?" என்ற ஒரு கேள்வி கேட்டால் அடுத்த முறை சொல்ல மாட்டாள். பேர், ஊர், பள்ளிக்கூடம், போட்டோ, நான்கையும் நேரில் தெரியாத யாருக்கும் கொடுக்கக் கூடாது, எதிரில் இருப்பவன் "நானும் 4ஆம் கிளாஸ்தான்" என்று சொன்னாலும் கூடாது என்று சொல்லிக்கொடுங்கள்.

பேர் மட்டும் கேட்டான் என்றால் பிளாக் செய்து ரிப்போர்ட் அடித்தால் போதும், விளையாட்டில் உள்ள சாட் வசதியை அணைத்துவிடுங்கள். ரகசியமாக வைத்துக்கொள் என்றால் உஷாராகிவிடுங்கள். உடம்பு தெரியும் படம் கேட்டாலோ, அதை வைத்து மிரட்டினாலோ அது குற்றம், பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தில் வரும். உரையாடலை அழிக்காதீர்கள், பதில் அனுப்பாதீர்கள், நியாயம் கேட்கிறேன் என்று அதைப் படம் எடுத்து வாட்சப் குழுவில் போட்டுவிடாதீர்கள். 1098 குழந்தைகள் உதவி எண், 24 மணி நேரமும் எடுப்பார்கள். மகளிர் காவல் நிலையத்துக்கும் போகலாம். "ஊருக்குத் தெரிஞ்சா மானம் போயிரும்" என்று சில அம்மாக்கள் தயங்குகிறார்கள். பிள்ளையின் அடையாளத்தை வெளியிடக் கூடாது என்று அந்தச் சட்டமே சொல்கிறது, தைரியமாகப் போங்கள்.

13. பிள்ள நல்லா ஆடுகா, ரீல்ஸ் போடலாமா?

இன்ஸ்டாகிராமில் கணக்கு வைக்கவே 13 வயது ஆக வேண்டும். உங்கள் கணக்கில் போடுவதென்றாலும் பள்ளிச் சீருடை, பேட்ஜ், வீட்டு வாசல், ஆட்டோ நம்பர் தெரியாமல், சொந்தக்காரர்கள் மட்டும் பார்க்கிற மாதிரிப் போடுங்கள். போடுவதற்கு முன் அவளிடம் கேளுங்கள். வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

14. வீட்டுப்பாடத்த போன்ல கேட்டு அப்படியே எழுதிட்டு வாரான். பதில் சரியாத்தானே இருக்கு?

எப்போதும் சரியாக இருப்பதில்லை. சாட்ஜிபிடி போன்றவை தெரியாததையும் தெரிந்த மாதிரியே சொல்லும். பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உங்கள் ஊர்க் குளத்தைப் பற்றியோ உங்கள் தெருக் கோவில் கொடையைப் பற்றியோ கேட்டுப் பாருங்கள், நிறையத் தப்பு வரும். அப்புறம் கன்னியாகுமரி மாவட்டம் எப்போது தமிழ்நாட்டோடு சேர்ந்தது என்று கேட்டு, 1956 நவம்பர் 1 என்று வருகிறதா எனப் புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். இயந்திரம் சொன்னதைச் சரிபார்க்க வேண்டும் என்று 10 வயதுப் பிள்ளைக்கு இதைவிட நன்றாகப் புரிய வைக்க எனக்கு வழி தெரியவில்லை. சாட்ஜிபிடியை 13 வயதுக்குள் உள்ளவர்கள் பயன்படுத்தக் கூடாது என்று அதன் விதியிலேயே இருக்கிறது, அதனால் கேட்பது உங்கள் கை, பார்ப்பது இரண்டு பேர் கண்.

அப்படியே எழுதிய கட்டுரை எங்களுக்குப் பார்த்ததும் தெரிந்துவிடும். தப்பும் தவறுமாக அவனே எழுதிய நான்கு வரி போதும், திருத்தத்தான் நாங்கள் இருக்கிறோம்.

15. எங்க வீட்ல எல்லாம் சரிதான், பக்கத்து வீட்ல போய் மூணு மணி நேரம் பாக்கான். அங்க நான் என்ன சொல்ல முடியும்?

அந்த அம்மாவிடம் பேசத்தான் வேண்டும். குறை சொல்கிற மாதிரி இல்லாமல், "எங்க வீட்ல இப்படி வச்சிருக்கோம், உங்க பிள்ள இங்க வந்தாலும் அப்படித்தான்" என்று தொடங்கினால் பெரும்பாலும் அவர்களும் "எனக்கும் இதுதான் பாடு" என்பார்கள். எங்கள் பள்ளியில் ஒரே தெருவைச் சேர்ந்த அம்மாக்கள் சேர்ந்து, சாயங்காலம் 5 முதல் 6 வரை யார் வீட்டிலும் பிள்ளைகளுக்குப் போன் கிடையாது என்று வைத்துக்கொண்டார்கள். மழை நாளில் ஒரு வீட்டுத் திண்ணையில் பல்லாங்குழியும் கேரமும் போட்டுவிடுகிறார்கள். ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் ஒரு மழை என்று நமக்கு வருடத்தில் பாதி மழைதான், ஆகவே அந்தத் திண்ணை முன்கூட்டியே தயாராக இருக்க வேண்டும். உங்கள் தெருவில் யாராவது தொடங்க வேண்டும் என்றால் அடுத்த மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் சொல்லுங்கள், மற்ற அம்மாக்களை நான் உட்கார வைக்கிறேன்.